பேர் எழுதாத சீட்டு

திருத்தணியில் நான் வேலை பார்க்கும் பைக் ஷோரூமில் மொத்தம் பதினெட்டுப் பேர். அதில் முஸ்லிம் நான் ஒருவன்தான். எல்லோருக்கும் நான் ‘பாய்’. மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள், குறை சொல்லவே முடியாது. அதுதான் தொல்லை. புது வண்டியோடு நேரே மலைக்குப் பூஜைக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதுகூட நான்தான். ஆனாலும் டிவியில் எங்கேயோ குண்டு வெடித்த செய்தி வந்தால் யாராவது ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைப்பார்கள். எனக்காகவாம். அன்றைக்கு முழுக்க நான் தேவைக்கு மேல் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. வேலைக்கு வர அரக்கோணத்தில் ரயில் ஏறும்போதே நெஞ்சு படபடக்கும். சோறு இறங்காது. மனைவியிடம் வாயு என்று சொல்லி வைத்திருந்தேன். வேலையை விட்டுவிடலாமா என்பதுதான் தினமும் ஓடிய ஒரே யோசனை.

அப்போதுதான் மேனேஜர் ஒரு பெட்டி வைத்தார். ஊழியர்களின் மனநலத்துக்காம். மனசில் இருப்பதை எழுதிப் போடலாம், பேர் வேண்டாம், யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. மூன்று நாள் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில், கையெழுத்து தெரிந்துவிடக் கூடாதென்று இடது கையால் எழுதிப் போட்டேன்: ‘என்னை பாய் என்று கூப்பிடாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டால் நன்றாக இருக்கும்.’

சனிக்கிழமை காலை மீட்டிங்கில் மேனேஜர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ஃபேன் சத்தம் போடுகிறது. பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை. பிறகு என்னுடையது.

“இது யாரு எழுதனதுன்னு தெரியல. தெரியவும் வாணாம்” என்றார். பாவம், நல்ல மனுஷர்.

பதினேழு தலைகளும் என் பக்கம் திரும்பின. இடது கை என்ன, காலால் எழுதியிருந்தாலும் தெரிந்திருக்கும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதன்பிறகு யாரும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. “இங்க பாருங்க” என்றார்கள். திடீரென்று “சார்” என்றார்கள். ஒருவர் கைதட்டிக் கூப்பிட்டார். இருந்த பேரும் போயிற்று. ராஜினாமாவை மனசுக்குள் எழுதி முடித்தே விட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் மெக்கானிக் அண்ணன் வழக்கம்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாலு வருஷமாக அவர் வீட்டு ரசம் எனக்கு, என் வீட்டுக் குழம்பு அவருக்கு. அன்றைக்கு டப்பாவைத் திறந்துவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

“கோச்சிக்காதீங்க” என்றார். “காலைலருந்து கூப்பிடலாம்னு பாத்துகினே இருக்கேன். உங்க பேரு இன்னாங்க?”

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அவர் கண்ணும் சரியாக இல்லை. பேரைச் சொன்னேன். அவருக்கு வாயில் நுழையவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.