சாரலில் ஊறிய அட்டைகள்

கடக், சர்ர், கடக். தறிக்கு மேலே துளையிட்ட காகித அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரளும் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அட்டையில் துளை இருந்தால் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் எழும், இல்லாவிட்டால் கிடக்கும்; சேலையில் பூ விழுவது அப்படித்தான். எங்கே துளை என்று கட்டத்தாளில் எழுதிக் கொடுப்பதுதான் அறுபதுகளில் தென்காசியில் ஒரு நெசவாளர் சங்கத்தில் என் வேலை. ஒருவர் எழுதி வைத்துப் போனதைத் திருத்தியே காலம் தள்ளுகிறவர்களே, நீங்களெல்லாம் என் சொந்தக்காரர்கள்.

அரைப் பக்கப் பூங்கொடி

எனக்கு முன்பு இருந்தவர் கெட்டிக்காரர். ஒரு பூங்கொடி முழுவதையும் அரைப் பக்கத்தில் அடக்கிவிடுவார். பத்து வரி நெசவுக்கு ஒரு புள்ளி. கொடி திரும்பினால் ஒரு கொக்கி. கல்லூரியில் தமிழ் படித்துக் கவிதையும் எழுதுகிற மிதப்பில் நான் அதை வெண்பா என்று புகழ்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற பாத்துமுத்து, அந்தக் கொடியை நெய்கிறவள், தலை நிமிராமல் சொன்னாள்: "அவுக எழுதுனது அவுகளுக்கு. நெய்யுதது நாங்கல்லா."

சாரல்

ஆனியில் குற்றாலத்துச் சாரல் ஊருக்குள் வந்தது. எல்லோருக்கும் குளிர்ச்சி. எங்களுக்கு அட்டை உப்பி, துளை கிழிந்து, கொடி பாதியில் அறுந்தது. பாத்துமுத்துவின் தறி நின்றது. ஆடிக்குள் சரியாகாவிட்டால் அட்டைகளை ஓட்டும் பெட்டியைத் தறியிலிருந்து கழற்றி ஆலங்குளத்துச் சங்கத்துக்கு அனுப்பிவிடுவதாகச் செயலாளர் சொல்லிவிட்டார். அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

புது அட்டை குத்தலாமென்றால் புள்ளியும் கொக்கியும் எங்களுக்குப் பிடிபடவில்லை. கெட்டிக்காரர் அப்போது கடையத்தில் வயல் பார்த்துக்கொண்டிருந்தார். தாளோடு நானும் பாத்துமுத்துவும் பஸ் ஏறிப் போனோம். வெளிச்சத்தில் பிடித்தார், தலைகீழாகத் திருப்பினார், வெகுநேரம் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "எழுதையில வெளங்கித்தான் எழுதுனேன், தாயி."

பாயளவு தாள்

பழைய சேலை ஒன்றை விரித்து, இழை இழையாகப் பார்த்து, புதிதாக எழுதினோம். சேலையின் ஒவ்வொரு வரிக்கும் தாளில் ஒரு வரி. ஓரத்தில் கொடி, இலை, மொட்டு என்று பெயர். பூ தொடங்கும் அட்டையில் சிவப்பு நூல் முடிச்சு. ஆடி முடியுமுன் தறி ஓடியது. பெட்டி தப்பியது. பாயளவு நீண்ட தாளைப் பார்த்துச் செயலாளர் சொன்னார்: "பூப் போடச் சொன்னா புராணம்லா எழுதிருக்கீய."

ரெண்டு மொட்டு

அடுத்த சாரலில் அட்டைகள் மறுபடி உப்பின. நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். பெட்டி போயிருக்கும் என்ற பயத்தோடு திரும்பினால், தெருமுனையிலேயே கடக், சர்ர், கடக். கெட்ட அட்டைகளை அவளே மாற்றியிருந்தாள். போதாததற்குக் கொடியில் இரண்டு மொட்டுகளைப் பூவாக மலர்த்தியிருந்தாள். யாரைக் கேட்டு மாற்றினாய் என்றேன்.

"ஒங்களத்தான் கேட்டேன் எக்கா. மொட்டு எங்கன முடியுதுன்னு ஓரத்துல நீங்கதான சொல்லுதீய."

நான் எழுதிய கவிதைகளை யாரும் படிக்கவில்லை; வரி விடாமல் படிக்கப்பட்டது அந்தப் பாயளவு தாள் ஒன்றுதான். நான் விலகியபின் என் வேலைக்கு வந்தவள் பாத்துமுத்து.