ஏழாவது உறையில் வேறொருவர் அட்டை

“கிளாக்கரையா, மேட்டுப்பாளயத்துக்கு எதுக்குப் போனீங்க?”

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வாசலில் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். நான் மேட்டுப்பாளையம் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. கடைசியாகப் போனது என் மனைவியின் கண் பரிசோதனைக்கு. அதைச் சொன்னேன். அவர் பாஸ்புக்கை நீட்டினார். வங்கியில் அப்போதுதான் பதிவு போட்டு வாங்கி வந்திருந்தார். கடைசி ஆறு வரிகளும் ஏடிஎம்மில் பணம் எடுத்தவை. ஒவ்வொன்றும் பத்தாயிரம். முதல் நாள் இரண்டு, மறுநாள் இரண்டு, அதற்கடுத்த நாள் இரண்டு. முதல் இரண்டு வரிகளில் மேட்டுப்பாளையம் என்றும் மற்றவற்றில் கோயம்புத்தூர் என்றும் இருந்தது. முதல் நாள் ஒரு சனிக்கிழமை. அன்று காலை குன்னூரில் அவர் அட்டையைப் போட்டுப் பணம் எடுத்தவன் நான்.

அவர் எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறித்து, முந்தைய மாதக் கடைசியில் ஓய்வு பெற்ற பெண். சிறு வயதில் பெற்றோருடன் இலங்கையிலிருந்து வந்தவர். அங்கே எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவைக் கூப்பிட்ட பெயரிலேயே என்னையும் கூப்பிடுவார். எங்கள் எஸ்டேட் ஆபீஸில் நான் முப்பத்தோரு வருடம் இருந்தேன். சம்பளம் கையில் கொடுத்த காலம் போய் வங்கிக் கணக்கில் விழத் தொடங்கியபோது, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களுக்கு அது ஒரு தொல்லையாகவே வந்து சேர்ந்தது. குன்னூர் போய் வரிசையில் நின்று எடுத்து வர அரை நாள் போய்விடும், அரை நாள் கூலியும் போய்விடும். அதனால் பழைய சம்பள உறைகளில் அட்டையைப் போட்டு, பின் நம்பரையும் வேண்டிய தொகையையும் மேலே எழுதி என்னிடம் தருவார்கள். சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமை எடுத்து வந்து கொடுப்பேன். நான் ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. அன்று என் பையில் பதினொரு உறைகள் இருந்தன. அவருடையது ஏழாவது.

“அட்டை எங்கே?” என்று கேட்டேன். உறையோடு கொண்டு வந்திருந்தார். வெளியே எடுத்துப் பார்த்தேன். அதே வங்கி, அதே நீலம். ஆனால் அதில் அச்சிட்டிருந்தது யாரோ ஓர் ஆணின் பெயர். நான் அவர் கையில் கொடுத்த சனிக்கிழமையிலிருந்து பத்து நாள் அது அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்திருக்கிறது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாசிக்கவில்லை.

நடந்ததை என்னால் நிமிடக் கணக்கில் சொல்ல முடியும். பத்து ஐம்பது. தூறல். எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது அட்டையைப் போட்டபோது முதலில் இருப்பைப் பார்த்தேன். பணிக்கொடை வந்துவிட்டதா பார்த்துச் சொல்லும்படி அவர் கேட்டிருந்தார். வந்திருந்தது. தொகை திரையில் பளிச்சென்று நின்றது. பிறகு அவர் கேட்டிருந்த இரண்டாயிரத்தை எடுத்தேன். ரசீது வரவில்லை. நான் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கையில் பின்னால் நின்றவர் கை நீட்டி அட்டையை உருவி என்னிடம் கொடுத்தார். முகக்கவசம் போட்டிருந்தார், சட்டையை மடிப்புக் கலையாமல் உள்ளே விட்டிருந்தார். “கார்டை மறந்துட்டுப் போயிடாதீங்க சார்” என்றார். நான் நன்றி சொன்னேன்.

பின் நம்பர் அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. நானே சொல்லியிருப்பேன். ஆபீஸில் சம்பளக் கணக்கு சரிபார்க்கையில் ஒருவர் எண்ணை உரக்க வாசிப்பார், மற்றவர் டிக் அடிப்பார். முப்பத்தோரு வருடமும் வாசித்தவன் நான். எந்த எண்ணைத் தொட்டாலும் வாய் அதைச் சொல்லிவிடும். அன்று ஆறு அட்டைகளுக்கு வாசித்துவிட்டு ஏழாவதற்கும் வாசித்திருக்கிறேன்.

அறுபதாயிரம் என்பது அவருக்கு ஒரு வீடு. ஓய்வு பெற்று மூன்று மாதத்துக்குள் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். அருவங்காட்டுக்கு மேலே இரண்டு அறை வீடு ஒன்றை ஒத்திக்குப் பேசி வைத்திருந்தார். ஒத்திப் பணம் ஒரு லட்சம். கணக்கில் மீதமிருந்தது நாற்பதாயிரத்துச் சொச்சம். காலி செய்ய அறுபத்தொரு நாள் இருந்தது.

அன்றே இருவரும் வங்கிக்குப் போனோம். அட்டையை முடக்கினார்கள். பணம் எடுத்தவுடன் வரவேண்டிய குறுஞ்செய்தி, திருப்பூரில் இருக்கும் அவர் மகன் எப்போதோ விட்டுவிட்ட எண்ணுக்குப் போயிருக்கிறது. அட்டையில் பெயர் இருந்த ஆளும் இதே மாதிரி பணத்தைப் பறிகொடுத்தவர்தான் என்று தெரிந்தது. அங்கிருந்த இளம் அதிகாரி கூடலூர் பக்கத்துப் பெண். ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். அதில் ஒரு கேள்வி: பின் நம்பரை வேறு யாரிடமாவது பகிர்ந்தீர்களா?

“சாரே, அதுல ஆமான்னு போட்டா ஒண்ணும் கிட்டாது” என்றார். சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் ‘இல்லை’ என்பதில் டிக் அடித்தேன். கீழே விவரத்தில், ‘நான் பணம் எடுக்கச் சென்றபோது’ என்று தொடங்கி, அவரே போனதாக எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். என் தினக்குறிப்பு நோட்டில் ஒரு நாள் தேதி தவறினாலும் திருத்தி ஓரத்தில் குறிப்பு எழுதுபவன் நான். அந்தப் படிவத்தை எழுதக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

“ஏனுங்க, மழை எத்தனை மணிக்கு விட்டுதுன்னெல்லாம் எழுதி வெக்கறீங்க. கார்டுல யாரு பேருன்னு பாக்க மாட்டீங்களா?” என்றாள்.

அதே விவரத்தோடு எழுதிய புகாரை உள்ளூர் ஸ்டேஷனில் வாங்கி ஒரு ரசீது கொடுத்து, ஊட்டி சைபர் குற்றப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அதன்பின் ஊட்டிப் பயணங்கள். முதல் முறை அதிகாரி இல்லை. இரண்டாம் முறை பாஸ்புக் நகல் தெளிவாக இல்லை. மூன்றாம் முறை, ஏடிஎம் கேமராப் பதிவு கேட்டு வங்கிக்குக் கடிதம் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் காலை ஏழரை பஸ், படியேற்றம், பெஞ்சு, திரும்பும் பஸ். புகார்தாரர் அவர் என்பதால் அவரும் வந்தாக வேண்டும். முழங்கால் வலியோடு ஏறுவார். “கொழுந்து மலையே இதுக்கு எவ்வளவோ தேவல” என்பார்.

கேமராப் பதிவைக் கேட்டபோதே அதில் தெரியப்போவது நான்தான் என்பதை யோசித்திருக்க வேண்டும். யோசித்தேன். ஆனால் அது இல்லாமல் திருடனைப் பிடிக்கவும் வழியில்லை. வராமல் போகட்டும் என்று சில நாள், வந்து தொலையட்டும் என்று சில நாள்.

நான்காம் பயணத்தில் வந்திருந்தது. காலி செய்ய முப்பத்தெட்டு நாள் பாக்கி. சப்-இன்ஸ்பெக்டர் கொங்கு நாட்டுக்காரர், மரியாதையாகப் பேசுபவர், தூக்கமில்லாத கண்கள். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சத்தமில்லாத படத்தில் நான் குனிந்து நிற்கிறேன். உதடு அசைகிறது. பின்னாலிருப்பவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்.

“ஏனுங்க, இது நீங்கதானுங்களே?”

“ஆமாங்க.”

“அம்மா எங்கீங்க?”

நான் வாயைத் திறக்கும் முன் அவர் சொன்னார்: “நான் வெளிய நின்னேன் சார். கூட்டமா இருந்திச்சி.”

“வெளியவும் ஒரு கேமரா இருக்குதுங்கம்மா.” படத்தைப் பின்னுக்கு ஓட்டினார். “இதென்னங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு… கையில இத்தனை கவரு? நீங்க பஸ் கண்டக்டருங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உறைகள், வாசிக்கும் பழக்கம், படிவத்தில் போட்ட டிக்.

“பொய்ப் புகாருன்னு நான் எழுதினா உங்க மேலயே கேசு வருங்க. தெரியுமுங்களா?” என்றார். சிறிது நேரம் பேனாவை உருட்டினார். “புதுசா ஒரு வாக்குமூலம் எழுதிக் குடுங்க. நடந்தது நடந்தபடி. பேங்குக்கும் காப்பி போகும். அது உங்களுக்கு அனுகூலமா இருக்காது. பரவால்லீங்களா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நான் அல்ல. அவரைப் பார்த்தேன்.

“எழுதுங்க ஐயா” என்றார். “எத்தன தடவ மாத்தி மாத்தி நெனவு வச்சிக்கிறது. எனக்கி முடியல.”

திரும்பும் பஸ் ஏறினோம். கேத்தி தாண்டியதும் ஒன்று கேட்டார்: “காசு வராதுல்ல?” வராது என்றேன்.

வங்கியின் கடிதம் பத்தொன்பது நாள் கழித்து வந்தது. இரண்டே வாக்கியங்கள். வாடிக்கையாளர் ரகசிய எண்ணை மூன்றாம் நபருக்குத் தெரிவித்ததால் இழப்புக்கு அவரே பொறுப்பு. மூன்றாம் நபர் நான். அதை அவருக்கு வாசித்துக் காட்டியவனும் நான். லயத்தைக் காலி செய்ய அன்றிலிருந்து பத்தொன்பது நாள் இருந்தது. மாதக் கடைசி வரைதான் பார்ப்பேன் என்று ஒத்தி வீட்டுக்காரர் வேறு சொல்லி அனுப்பியிருந்தார்.

இதற்கிடையில் அடுத்த சம்பளச் சனிக்கிழமையும் வந்தது. இனி யாரும் உறை தரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். எட்டுப் பேர் தந்தார்கள். நடந்தது எல்லோருக்கும் தெரியும். “அது ஒரு தடவ தானுங்க ஐயா” என்றார்கள். மறுத்தேன். சிலருக்கு வருத்தம், ஒருவர் இன்றுவரை பேசுவதில்லை. இப்போது லயத்து முனையில் மளிகைக்கடை வைத்திருப்பவரிடம் கொடுக்கிறார்கள்.

கடிதம் வந்த மூன்றாம் நாள், எங்கள் வைப்புத்தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே உடைத்தேன். மனைவி கையெழுத்துப் போட்டாள். “அந்தம்மா வேண்டாம்னு சொல்லுவாங்க, பாருங்க” என்றாள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். என்ன சொல்லி வாங்க வைப்பது என்று வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அறையில் பாதிச் சாமான் மூட்டையாகிவிட்டிருந்தது. பணத்தை வைத்தேன்.

“ஆமா ஐயா, குடுங்க” என்றார். இரண்டு முறை எண்ணினார். “எனக்கி வீடு வேணும்ல. பெறகு போலீசு ஆளப் புடிச்சா அந்தக் காசு உங்களுக்கு. சரிதானே?”

சரி என்றேன். அடுக்கி வைத்த வாக்கியங்கள் எதற்கும் வேலை இல்லாமல் போனது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

அதன்பின் நிலைமை விசித்திரமாகிவிட்டது. பணத்தை இழந்தவன் நான். காகிதத்தில் புகார்தாரர் அவர். ஊட்டியிலிருந்து அழைப்பு வந்தால் அவர்தான் வரவேண்டும். புது வீட்டிலிருந்து இறங்கி வந்து என் பஸ்ஸில் ஏறுவார். நான்கு முறை அப்படிப் போனோம். மூன்றாம் முறை அலுத்துப்போய், “எனக்கி வீடு கெடச்சிருச்சி. உங்களுக்காக நான் அலையிறேன் பாருங்க” என்றார். முகக்கவசம் போட்ட ஆள் கோயம்புத்தூர் கேமராவிலும் முகக்கவசத்தோடுதான் இருந்தார். அங்கிருந்து பாலக்காடு பஸ் ஏறியது வரை தெரிந்தது. அத்துடன் நின்றது.

கடைசி முறை போனது ஒரு திங்கட்கிழமை, பனி விலகாத காலை. குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வழக்கை முடிக்கும் அறிவிப்பைக் கொடுத்தார்கள். பழைய சப்-இன்ஸ்பெக்டர் மாறிப் போயிருந்தார். பெற்றுக்கொண்டதற்குப் புகார்தாரர் என்ற இடத்தில் அவர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

“இனி வர வேணாமா சார்?”

“வேண்டாங்கம்மா. ஆளு சிக்கினா கூப்பிடுவோமுங்க.”

“சிக்குனா இவர கூப்பிடுங்க. காசு இவரோடது.”

“புகார் உங்க பேர்லதானுங்களே இருக்குது.”

அவர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வெளியே வந்து ஆளுக்கொரு டீ குடித்தோம். திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அருவங்காடு வரும்போது பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“வந்து வீட்டப் பாத்துட்டுப் போங்களேன். பாதிச் செவுரு உங்களோடது.”

இன்னொரு நாள் வருகிறேன் என்றேன்.

“இன்னொரு நாளுன்னா வரமாட்டீங்க. தேதி சொல்லுங்க, அப்பத்தான் வருவீங்க.”

“வியாழக்கிழமை. பதினொரு மணி.”

“சோறு பன்னெண்டரைக்கி” என்று சொல்லி இறங்கினார்.

வியாழக்கிழமை போனேன். லயத்தில் இருந்தது போலப் பொதுக்குழாய் இல்லை, சமையலறைக்குள்ளேயே குழாய் இருந்தது. அதை மூன்று முறை திறந்து காட்டினார்.