நான் அடிக்காத பத்தி

கையெழுத்துப் பிரதியின் ஒன்பதாவது பக்கத்தில், பாதி வந்தபோது, என் விரல்கள் நின்றுவிட்டன. சனிக்கிழமை, பகல் பதினோரு மணி இருக்கும். ஓசூரில் பேராசிரியர் வீட்டு முன்னறையில் தட்டச்சுப் பொறியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தாள், நடுவே ஒரு கார்பன். உள்ளே அவர் முகம் மழித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அவருடைய சாய்ந்த ஆங்கில எழுத்தில் இப்படி இருந்தது: எல்லையோர ஊர் ஒன்றில் தட்டச்சு வேலை பார்க்கும் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி, பதினாறு வயதில் காசநோய் வந்து எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து குணமானவள், இப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அவளுடைய பழைய நோயைத் தெரிந்துகொள்ளும் உரிமை ஊருக்கு உண்டா? இரண்டு முறை படித்தேன். அந்தப் பெண் நான்தான்.

அறுபதுகளின் கடைசி அது. ஓசூரில் இன்றிருக்கும் தொழிற்சாலைகளில் ஒன்றுகூட அப்போது வரவில்லை. பேராசிரியர் வாரத்தில் ஐந்து நாள் காலை பஸ்ஸில் பெங்களூருக்குப் போய்ச் சட்டம் சொல்லிக்கொடுத்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவார். வகுப்பில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ், காய்கறிக்காரியிடம் தெலுங்கு, கோபம் வந்தால் கன்னடம். பேச்சுரிமையும் அந்தரங்கமும்தான் அவர் உயிர். அரசாங்கத்தைத் திட்டி நோட்டீஸ் போட்டவனுக்காக இலவசமாக மனு எழுதிக் கொடுப்பார். அந்தரங்கம் என்று ஆரம்பித்தாலோ சக ஆசிரியர்கள் சிரிப்பார்களாம். நாலு குடும்பம் ஒரே முற்றத்தில் குளிக்கும் ஊரில் இதென்ன வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று. அவர் விடவில்லை. சொல்லும் உரிமையும் சொல்லாமலிருக்கும் உரிமையும் ஒரே வேரில் முளைத்தவை என்று வருஷக்கணக்காக எழுதினார். சனிக்கிழமைகளில் அதை அடித்துக் கொடுப்பது என் வேலை.

என் நோய் அவருக்குத் தெரிந்தது என் வாயால்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மார்பை எக்ஸ்ரே எடுக்கப் பெங்களூரு போக வேண்டும். லீவு கேட்டபோது காரணம் கேட்டார், சொல்லிவிட்டேன். அம்மாவுக்கும் அவருக்கும் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது. டி.பி. வந்த வீடு என்றால் அந்தக் காலத்தில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

எனக்குக் காவேரிப்பட்டினத்து மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். எங்கள் கோயில் வழக்கப்படி மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று பூசையில் எல்லோர் முன்னாலும் படிப்பார்கள். இரண்டு ஓலை முடிந்திருந்தது. நோயெல்லாம் சபைச் சட்டத்தில் தடையே கிடையாது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அன்று கேட்கவும் பயம். பேராசிரியரின் கட்டுரையோ கல்லூரி ஆண்டு மலருக்கு. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, கல்யாணத்துக்கு முன்னால் வந்துவிடும். மாப்பிள்ளையின் சித்தப்பா கிருஷ்ணகிரியில் வக்கீல், அந்தக் கல்லூரியில் படித்தவர். மலர் அவருக்குத் தபாலில் வரும்.

அந்தப் பத்தியை விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன். மேலும் கீழும் ஒட்டாமல் நின்றதால் ‘ஆகவே’ என்று பொருள்படும் ஆங்கில வார்த்தை ஒன்றை நானே போட்டேன். இனி ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். எவ்வளவு அசடு!

பேராசிரியர் ஈசிசேரில் சாய்ந்து படித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“யாக்கம்மா?” என்றார், ‘ஏம்மா’ என்பதைக் கன்னடத்தில். “இந்த ‘ஆகவே’ என்னுது இல்லையே. நடுவுல ஒரு பத்தி எங்க போச்சு?”

“அடிக்கலீங்க சார்.”

“மறந்துட்டியா?”

“இல்லீங்க. வேணும்னுதான் விட்டேன்.”

“நான் எழுதினதை வெட்டறதுக்கு உனக்கு யார் உரிமை குடுத்தது? ஊரெல்லாம் பேச்சுரிமைன்னு கத்தறேன், என் வீட்டுக்குள்ளயே தணிக்கையா? உன் பேரைக்கூடப் போடலியேம்மா. உனக்காகத்தானே எழுதினேன்!”

“ஓசூர்ல டைப் அடிக்கிற கிறிஸ்தவப் பொண்ணு எத்தனை பேருங்க சார்? மாப்பிள்ளையோட சித்தப்பா இதைப் படிப்பாருங்க. நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டா வேணாம்னு சொல்லுவே.”

“ஆமாங்க சார். சொல்லியிருப்பேன்.”

தான் சொன்ன வாக்கியம் தன் காதிலேயே விழுந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. எழுந்து ஜன்னல் வரை போனார், வந்தார், மறுபடி போனார். அப்புறம் கையெழுத்துப் பிரதியின் ஒன்பதாவது பக்கத்தை உருவி என் கையில் கொடுத்தார். தட்டச்சுத் தாளில் என் ‘ஆகவே’யைப் பேனாவால் கோடிட்டு அடித்துவிட்டு, அங்கே இணைப்பாக ஒரு வரி எழுதிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கும் அவர்மேல் கோபம் தணியவில்லை.

மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிறு எனக்கு முன்னால் நாலு வரிசை தள்ளிப் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார்; அவரும் எங்கள் கோயில்காரர்தான். தடை தெரிந்தவர்கள் என்று சாமியார் படித்த நேரத்தில் அவர் தொண்டையைச் செருமினார். எனக்கு உயிரே போய்த் திரும்பியது. வெறும் செருமல்தான். கல்யாணம் நடந்தது. பத்து வருஷம் கழித்து, நானாகவே கணவரிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அடுத்த எக்ஸ்ரே எப்போது என்று கேட்டார்.

பேராசிரியர் பிறகு புத்தகம் எழுதினார், பெரிய பேர் வாங்கினார். அதில் உதாரணமெல்லாம் கோர்ட்டுத் தீர்ப்புகளிலிருந்துதான், உயிருள்ள ஆள் ஒருவர்கூட இல்லை. வறட்சியாக இருக்கிறது என்று மதிப்புரை எழுதியவர் குறைப்பட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அவர் இறந்து வெகு காலமாகிவிட்டது. இதை எழுதி முடித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் பெயரை நானும் போடவில்லைதான், ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்குப் பெயர் எதற்கு? அச்சுக்குக் கொடுக்கும் முன் பெங்களூரிலிருக்கும் அவர் மகளுக்கு அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. அவருடைய கடைசி நாட்களைப் பற்றி நான் எழுதியிருந்த பத்தியில் பென்சிலால் ஒரு கோடு, ஓரத்தில், “இது வேண்டாம் அக்கா.” நன்றாக வந்திருந்த பத்தி அது. விட மனமே இல்லை. எடுத்துவிட்டேன்.