பெல்ட் கொக்கியில் வைத்த கை

வட அட்லாண்டிக் கடலில் உள்ள பரோ தீவுகளுக்குப் போகும் விமானத்தில் பணிப்பெண்ணாக இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. ஏறுகிறவர்களில் பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் அக்கம்பக்கம். பணிப்பெண் சுன்வோர் யாரையாவது பெல்ட்டைப் போடச் சொன்னால், "உன்னைக் குளிப்பாட்டி விட்டவ நான், என்னையே கட்டிப் போடறியா?" என்பாள் எதிர்வீட்டு மார்யுன். போடுகிறவர்களும் தொளதொளவென்றுதான் போடுவார்கள். சுன்வோர் விடமாட்டாள். குனிந்து ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பாள். ஊரில் அவளுக்கு 'கொக்கி சுன்வோர்' என்றே பேர்.

அவளுக்கு அடங்காத ஒரே ஆள் சொந்தத் தம்பி ஹானுஸ். மீன்பிடிக் கப்பல்காரன், வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லை.

"முப்பதடி அலையில நின்னுக்கிட்டே சூப் குடிக்கிறவன்க்கா நான். எனக்குப் போய் பெல்ட்டா?"

"கடல் உன்னைக் கீழேயிருந்து தாங்குதுடா. இங்க கீழ என்ன இருக்கு?"

அன்றைக்கும் சிரித்துக்கொண்டே மாட்டினான். அம்மாவுக்கென்று கோப்பன்ஹேகனில் வாங்கிய கண்ணாடி விளக்கைத் தலைக்கு மேலே சாமான் தட்டில் வைத்திருந்தான். அடிக்கொருதரம் அதையே அண்ணாந்து பார்த்தான்.

தீவு நெருங்கியதும் விமானி சுருக்கமாக, "எல்லாரும் உட்காருங்க, பணியாளர்களும்" என்றார். அந்தக் குரலில் வழக்கமான கேலி இல்லை. சுன்வோர் முன்கதவருகே மடக்கு இருக்கையில் பயணிகளைப் பார்த்தபடி உட்கார்ந்து தன்னை இறுக்கிக்கொண்டாள். மலை இடுக்கிலிருந்து காற்று வந்து மோதியது. சன்னலில் ஆடு மேயும் சரிவு தெரிந்தது, மறைந்தது, இன்னும் பக்கத்தில் தெரிந்தது. பேச்சு ஒவ்வொரு வரிசையாக நின்றுபோனது.

ஒரு குலுக்கலில் தட்டின் மூடி திறந்துகொண்டது. விளக்குப் பெட்டி விளிம்புக்கு நகர்ந்தது. ஹானுஸ் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தான்.

"ஹானுஸ், உக்காருடா!"

"ஒரு நிமிஷம்க்கா."

கப்பல் தளத்தில் நிற்பதுபோல் காலை அகட்டி நின்றான். எட்டிப் போனால் இழுத்து உட்காரவைத்துவிடலாம். அவள் கை கொக்கிக்குப் போயிற்று. அவளும் எழுந்தால் தூக்கியெறியப்படுவது இரண்டு உடம்பு. அவசரமென்றால் இந்தக் கதவைத் திறக்க ஆளிருக்காது. கை கொக்கியிலேயே நின்றது.

விமானம் பள்ளத்தில் விழுந்ததுபோல் திடீரென்று கீழே இறங்கியது. ஹானுஸின் காலுக்குக் கீழிருந்து தரை போய்விட்டது. கூரையில் தலை மோதி, இருக்கைக் கைப்பிடிமேல் மடங்கி விழுந்தான். பக்கத்து இருக்கையில் இருந்த மார்யுன் அலறினாள்.

"யாரும் எழுந்திரிக்காதீங்க! ஹானுஸ், அசையாதே!" சக்கரம் தரையைத் தொடும்வரை இதையே கத்திக்கொண்டிருந்தாள். விமானம் நின்றதும் முதலில் எழுந்தவள் அவள்தான். அவன் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"காலு இருக்கறதே தெரியலக்கா," என்றான்.

விமான நிலையத்துக்கு வந்து காத்திருந்த அம்மா கேட்டாள். "அவன் விழுந்தப்ப நீ எங்க இருந்த?"

"என் சீட்டுல, அம்மா."

அம்மா இன்றுவரை அவளிடம் சரியாகப் பேசுவதில்லை.

சுன்வோர் இன்னும் பறக்கிறாள். இப்போது யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவள் வருமுன்பே மார்யுன் இறுக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். அதைப் பார்ப்பதுதான் சுன்வோருக்குக் கொடுமையாக இருக்கிறது.

கோப்பன்ஹேகனுக்குச் சிகிச்சைக்குப் போயிருந்த ஹானுஸை ஊர் திரும்ப, போன மாதம் அவளுடைய விமானத்திலேயே சக்கர நாற்காலியில் கொண்டுவந்து ஏற்றினார்கள். அவள் குனிந்து பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்த்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "இன்னும் இறுக்குக்கா," என்றான்.