காலி சாஸ் பாட்டில்

சமையல் எண்ணெயால் மனிதருக்கு வரும் கெடுதல்களைப் பற்றி யார் எழுதினாலும் விடாமல் படிப்பேன். ஒரு கெடுதலை மட்டும் இதுவரை யாரும் எழுதவில்லை. அதை நானேதான் கண்டுபிடித்தேன், பத்து வயதில், ஜெலாப்பாங்கில், மாமா வீட்டு ஐஸ் பெட்டியில்.

அம்மா நெஞ்சுவலியில் போன பிறகு, தான் வேலை செய்த தோட்டத்தில் என்னைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாமல் அப்பா, அம்மாவின் அண்ணன் வீட்டில் விட்டிருந்தார். மாமாவும் மாமியும் நல்லவர்கள்தான். பிள்ளை இல்லாத வீடு. மாமாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, பகலெல்லாம் தூங்குவார். பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. நானோ பிறக்கும்போதே கோமாளி. வேறு வழியில்லாமல் சுவரில் இருந்த பல்லிக்குக் கதை சொல்வேன். அது உச்சுக்கொட்டினால் அன்றைக்கு நல்ல நாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அப்பா தோட்டம் இருந்த சுங்காயிலிருந்து பஸ் ஏறி வருவார். தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, பால் வெட்டிக்கொண்டிருந்த அவரும் செம்பனை ஆலைக்கு மாறியிருந்தார். கையில் ஒரு பழைய சாஸ் பாட்டில் நிறையச் சுத்திகரித்த செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், இருக்கும். பெண் எடுத்த வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு வரக்கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். போன மாதத்துக் காலிப் பாட்டிலைக் கழுவி அவரிடம் திருப்பிக் கொடுப்பது என் வேலை. அவரிடம் இருந்ததே அந்த இரண்டு பாட்டில்கள்தான்.

உறைகிற எண்ணெய் இதயத்துக்கு ஆகாது என்று தொழிற்சாலை கிளினிக்கில் யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மாமா சோள எண்ணெய்க் கட்சி. ஒரு ஞாயிறு, அப்பா வந்ததுமே அவர் பாட்டிலையும் தன் சோள எண்ணெயையும் காலையிலேயே ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். சாப்பாடு முடிந்து வெளியே எடுத்தார். சோள எண்ணெய் பளிங்கு மாதிரி இருந்தது. அப்பாவுடையது கஞ்சித் தண்ணீர்போல வெளுத்துக் கலங்கியிருந்தது.

“பாத்தியா மாப்ளே. இதுதான் என் தங்கச்சி நெஞ்சுல உறைஞ்சிச்சு.”

அப்பா பாட்டிலைக் கையில் வாங்கினார். “நம்ம ஒடம்பு என்ன ஐஸ் பெட்டியா மச்சான்?”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஐந்து மணி பஸ்ஸுக்குப் போகிறவர் அன்று மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார். எனக்கு விளங்கியது ஒன்றுதான். எண்ணெய் தோற்றால் அப்பா சீக்கிரம் போய்விடுவார். ஆகவே எண்ணெய் ஜெயிக்க வேண்டும்.

அடுத்த மாதமும் மாமா அதே பரீட்சையை வைத்தார். பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்துவரச் சொல்லி என்னிடமே கொடுத்தார். திருடன் கையில் சாவி. மாமி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு குவளையை நடுவில் வைத்து இரண்டு எண்ணெயையும் இடம் மாற்றினேன். கால் பங்கு தரைக்குப் போனது. அதைப் பாவாடையால் துடைத்தேன். கையில் வழிந்ததை, வீணாக்குவானேன் என்று தலையில் தடவிக்கொண்டேன். குற்றவாளி தடயத்தைத் தலையிலேயே சுமந்துகொண்டு திரிந்தது உலகத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

சாப்பிட்டு முடித்து மாமா எடுத்துப் பார்த்தார். சாஸ் பாட்டில் பளிங்கு. சோள எண்ணெய் பாட்டிலில் கஞ்சித் தண்ணீர். மாமி உடனே கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்தார். மாமா இரண்டையும் திறந்து மோந்து பார்த்தார்.

“யாரு மாத்துனது?”

அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் கண் என் பின்னலில் நின்றது. பிறகு பாவாடைக்கு இறங்கியது.

“நான்தான் மச்சான். சும்மா வெளையாட்டுக்கு.”

மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “ஏமாத்துனாதான் ஜெயிக்க முடியும்னு ஒனக்கே தெரிஞ்சிருக்குலா மாப்ளே. அப்ப என் தங்கச்சி எதுல செத்தான்னும் தெரியும்.”

அப்பா தலை குனிந்துகொண்டார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. என்னைக் காப்பாற்ற அப்பா எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறார்! இருவரும் கூட்டுக் களவாணிகள். வாசலில் என் தலையைத் தடவியவர், கையில் ஒட்டிய எண்ணெயைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார். “போய்ட்டு வாரேன்” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. நான் கழுவி வைத்திருந்த காலிப் பாட்டிலை அவர் கேட்கவே இல்லை.

அடுத்த முதல் ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

காரணத்தை நான் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டேன். பாட்டில் இரண்டும் இங்கே இருக்கின்றன. எதில் ஊற்றி எடுத்து வருவார், பாவம்? வாசனை போகச் சோப்புப் போட்டு இரண்டையும் கழுவினேன். வெயிலில் காய வைத்து, வந்தவுடன் கண்ணில் படட்டும் என்று வாசல் படியோரம் நிறுத்தினேன். ஒவ்வொரு முதல் ஞாயிறும் கழுவினேன், அவற்றில் எண்ணெயே இல்லாவிட்டாலும்.