என் மகள் பாடிய ராப் பொய்யாக இருக்கட்டும்

போன சனிக்கிழமை காலை பத்து மணி. குளித்து, இட்லி சாப்பிட்டு, இந்த வாரம் உங்களுக்கு என்ன எழுதலாம் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். போன் சிணுங்கியது. மகளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்.

இரண்டே முக்கால் நிமிடம்.

கேட்டு முடித்தபோது என் கையில் போன் இல்லை. தரையில் கிடந்தது. ஆறு நாள் ஆகிவிட்டது... டைப் செய்யும்போது விரல் இன்னும் தப்பான எழுத்தில்தான் போய் விழுகிறது.

விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு பழைய பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன் இதே இடத்தில் ராப் பற்றி எழுதியிருந்தேன். நினைவிருக்கிறதா? நம் நாட்டில் அசல் ராப் செத்துக்கொண்டிருக்கிறது என்று எழுதினேன். ஹீரோ கார் கதவைத் திறப்பதற்கும் ஹீரோயின் திரும்பிப் பார்ப்பதற்கும் நடுவில் கிடைக்கிற பதினைந்து நொடியில் யாரோ வந்து வேகமாகப் பேசிவிட்டுப் போகிறார். கழுத்தில் செயின். வரிகளை எழுதியது வேறு யாரோ. சொந்தப் பாட்டைச் சொந்தக் குரலில் சொல்ல வந்தவர்கள் கொஞ்ச நாளில் விளம்பரத்தில் பிஸ்கட் விற்கிறார்கள்... ‘வாழ்ந்ததைப் பாடு, இல்லையென்றால் வாயை மூடு’ என்று முடித்திருந்தேன். நிறையப் பேர் பாராட்டினீர்கள். ஒரு வாசகர் அந்தக் கடைசி வரியை பிரேம் போட்டு மாட்டியிருப்பதாக எழுதியிருந்தார். உச்சி குளிர்ந்துபோனது.

வீட்டில் மட்டும் ஒரு ஆள் பாராட்டவில்லை.

கார்த்திகா. என் ஒரே மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம். அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டாள்.

“அய்யா, நீங்க மொத்தமா எத்தன ராப் கேட்டிருக்கீக?”

“ஒரு நாலு இருக்கும்.”

“நாலா?”

“ரெண்டு. ஒண்ணு பஸ்ல கேட்டது.”

“பஸ்ல கேட்டுட்டு செத்துப்போச்சுன்னு எழுதிட்டீகளா? நாடியாச்சும் புடிச்சுப் பாத்தீகளா?”

என் மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: “வானம் லேசா மூடுனாலே ஒன்னய காலேஜுக்குப் போகவேணாம்னு சொல்ற ஆளுடி உங்கய்யா. அவுகளுக்கு எல்லாமே செத்துத்தான் போகும்.”

பழைய வாசகர்களுக்குத் தெரியும்... நான் கொஞ்சம் பயந்த ஆள். மகள் பஸ் ஏறினால் ஒரு போன். இறங்கினால் ஒரு போன். நடுவில் பஸ் நின்றால் ஒரு போன். அவள் அறைக் கதவு சாத்தியிருந்தால் வெளியே ஒரு நிமிடம் நின்று, உள்ளே பேச்சுச் சத்தமா அழுகைச் சத்தமா என்று காது கொடுப்பதும் உண்டு. அக்கறைதானே?

சரி, வாய்ஸ் மெசேஜுக்கு வருகிறேன்.

அதில் பீட் இல்லை. இசையே இல்லை. முதலில் காற்று மட்டும் கேட்டது. பிறகு அவள் குரல் — பாட்டாகவும் இல்லாமல், பேச்சாகவும் இல்லாமல், எங்கேயோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல...

‘மூச்சப் புடிச்சு எறங்குறேன், பேரச் சொல்லிக் கூப்புடாதீக
தண்ணிக்குக் கீழ காதில்ல, தவிச்சு நின்னு தேடாதீக
வெளிச்சம் மேல மெதக்குது, வீடு ரொம்பத் தூரமாச்சு
கல்லப் புடிச்ச கையிதான், காயமெல்லாம் உப்பாச்சு...’

இப்படியே போய், கடைசியில் இந்த இரண்டு வரி:

‘மூச்சடக்கிப் பழகுறதுக்குக் கடலு எதுக்கு, கரை எதுக்கு?
வீட்டுலயே பழகிட்டேன், வேற பள்ளிக்கூடம் எதுக்கு?’

அவ்வளவுதான். மறுபடி காற்று.

நாங்கள் முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சம்சாரிகள். மிளகாயும் நெல்லும் போடுகிறவர்கள். முப்பது கிலோமீட்டரில் கடல் இருந்தும் அதற்கு முதுகைக் காட்டியே வாழ்ந்த குடும்பம். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தண்ணீரில் இறங்கி மூச்சை அடக்குகிறாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஊருக்கு ஒரு கிணறாவது அப்படி ஒரு பேரைச் சுமந்துகொண்டு கிடக்கும். ‘தேடாதீக’ என்று வேறு சொல்கிறாளே...

போன் போட்டேன். ‘நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது.’ அந்தப் பதிவுக் குரலுக்குத்தான் எத்தனை நிதானம்!

காலையிலேயே பாம்பனுக்கு, உடன் படிக்கும் ஜெனிஃபர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். ஜெனிஃபர் நம்பர் என்னிடம் இல்லை. மனைவி மிளகாய் காயப்போட ஊருக்குப் போயிருந்தாள். களத்தில் நிற்கிறவளிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன்.

இராமநாதபுரத்திலிருந்து பாம்பனுக்கு நேர் ரோடு. எத்தனையோ தடவை போன ரோடு. அன்றைக்கு அது ரோடு மாதிரியே இல்லை. உச்சிப்புளி வந்தது ஞாபகம் இருக்கிறது. புதுமடத்துக்குத் திரும்புகிற பாதை ஞாபகம் இருக்கிறது. நடுவில் இருந்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பனைமரங்கள் நின்ற இடத்தில் நிற்க, நானும் நின்ற இடத்திலேயே நிற்க, வெயில் மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிச் சத்தம் கேட்கவில்லை. அவள் குரல்தான் கேட்டது. ‘வெளிச்சம் மேல மெதக்குது...’

பாலத்தில் ஏறினேன். இடது பக்கக் கடல் சுருக்கம் சுருக்கமாக அலைந்துகொண்டிருந்தது. வலது பக்கக் கடல் கண்மாய்த் தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. ஒரே காற்று, ஒரே வெயில், இரண்டு கடல். டூரிஸ்ட் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் கையைத் தூக்கிச் சிரித்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் வேறு ஏதோ ஓர் உலகத்தில் இருந்தார்கள்.

அந்தப் பாலத்தின் மேல்தான் நான் வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் தெரியுமா?

இது பொய்யாக இருக்கட்டும். யாரோ எழுதிக்கொடுத்த வரியாக இருக்கட்டும். பதினைந்து நொடி சினிமா ராப்பாக இருக்கட்டும். என் மகள் கழுத்து நிறைய செயின் போட்டுக்கொள்ளட்டும். பிஸ்கட் விற்கட்டும்...

வாழ்ந்ததைப் பாடு என்று உபதேசம் செய்தவன், அவள் பாடியதை வாழ்ந்திருக்கக் கூடாதே என்று சாமியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அசல் கிடைத்தால் யாருக்குத் தாங்கும்?

பாம்பனில் ஒரு பெட்டிக்கடையில் ஜெனிஃபர் வீட்டைக் கேட்டேன். “வீட்டுல யாருமில்ல சார். எல்லாரும் கடலுக்குப் போயிருக்காக” என்றார் கடைக்காரர். அதற்குமேல் நான் நிற்கவில்லை. கடற்கரை வரை ஸ்கூட்டர். அப்புறம் ஓட்டம். மணல் முடிந்ததும் நிற்காமல் தண்ணீருக்குள் போனேன்.

“யாருய்யா அது, சூவோட எறங்குறது!” என்று ஒரு குரல். “அண்ணே, ஹெல்மெட்டக் கழத்துங்க. கடலுக்குள்ள எந்தப் போலீசும் மறிக்க மாட்டாக!”

கொல்லென்று சிரிப்பு. அப்போதுதான் பார்த்தேன். அசையாமல் கிடந்த அந்தத் தண்ணீரிலிருந்து ஒரு தலை மேலே வந்தது. இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. முக்குளிக்கிற கண்ணாடி மாட்டிய பெண்கள். இடுப்பில் வலைப்பை, விரல் நுனிகளில் துணிச் சுற்று, பை நிறையக் கடலடிக் கல்லிலிருந்து பறித்த கடல்பாசி. மூச்சை விடுகிற சத்தம் நீளமாக, விசில்போலக் கேட்டது. ஒருத்தி மேலே வர, ஒருத்தி கீழே போனாள். நான் முழங்கால் தண்ணீரில் ஹெல்மெட்டோடு நின்றேன். கனவில் நிற்பதுபோலத்தான் இருந்தது.

“என் மக... கார்த்திகா... கடல்ல எறங்குறேன், தேடாதீகன்னு...”

“கார்த்திகாவா? அது முழங்கால் தண்ணிக்கே கத்துற புள்ளயாச்சே! அங்கன பாருங்க.”

கரையில் ஏற்றிவைத்திருந்த படகின் நிழலில், போனை வாயருகே பிடித்தபடி என் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜெனிஃபர், காற்று போனில் அடிக்காமல் ஒரு துண்டைத் திரைபோலப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அனுப்பிவிட்டு மறுபடி பாடிப் பதிவு செய்துகொண்டிருந்தாள்; நடுவில் யாரும் கூப்பிடக் கூடாது என்று போனை ஃப்ளைட் மோடில் போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்துப் பதறிப்போய் அதை மாற்றினாள். உடனே என் சட்டைப் பையில் ஒரு சத்தம். வாய்ஸ் மெசேஜுக்குப் பின்னாலேயே அவள் டைப் செய்து, போகாமல் மாட்டிக்கொண்டிருந்த வரி இப்போதுதான் வந்து சேர்ந்தது: ‘எப்படி இருக்கு அய்யா?’

ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்ன பெண் பையோடு கரையேறி வந்தார். அவர்தான் ஜெனிஃபரின் அம்மா, ராணி. விஷயம் புரிந்ததும் இடுப்பில் கை வைத்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“தேடாதீகன்னு சொன்னதுக்கா இராமநாதபுரத்துலருந்து ஓடி வந்தீக? நான் கல்யாணமான நாள்லருந்து எறங்குறேன். என்னயத் தேடி ஒரு ஆளு வந்ததில்லையேண்ணே!”

“ஏன், ஒன் வீட்டுக்காரரு வருவாருல்ல, சோறு எங்கடின்னு!” என்றாள் தண்ணீரில் நின்ற இன்னொருத்தி.

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“வாழ்ந்ததப் பாடுன்னு நீங்கதான எழுதுனீக?” என்றாள் கார்த்திகா. “நான் என்னத்த வாழ்ந்தேன்? வீடு, காலேஜு. அதான் ராணி அத்தைகிட்ட கேட்டேன். அவுக சொல்லச் சொல்ல நான் கட்டுனேன். ‘காயமெல்லாம் எரியுது’ன்னுதான் மொதல்ல போட்டிருந்தேன். எரியுறதெல்லாம் புதுசா எறங்குறவளுக்குத்தான், எங்களுக்கு உப்பாப் போச்சுன்னு அவுகதான் மாத்துனாக.”

அப்பாடா! அவள் கதை இல்லை. கடல்பாசி எடுக்கிற ஒரு பெண்ணின் கதை. கரைக்காரர் யார் கேட்டிருந்தாலும் முதல் வரியிலேயே புரிந்திருக்கும். எனக்குள் மறுபடி ரத்தம் ஓடியது. பத்தி எழுத்தாளன் எழுந்து உட்கார்ந்தான். “நல்லாருக்கும்மா, ரொம்ப அசலா இருக்கு” என்று ஆரம்பித்தேன்.

ராணி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: “எல்லாம் நான் சொன்னதுதாண்ணே. கடைசி ரெண்டு வரி மட்டும் என்னுது இல்ல. வீட்டுல மூச்சடக்குறேன்னு நான் எதுக்குச் சொல்றேன்? எனக்கு வீட்டுக்குப் போனாத்தான் மூச்சே.”

கார்த்திகா மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஏறினால் போன், இறங்கினால் போன்... சாத்திய கதவுக்கு வெளியே நிற்கும் கால்கள். உள்ளே இருப்பவளுக்கு அது தெரியாது என்று நான் ஏன் நினைத்தேன்?

“வேணும்னா அத எடுத்துர்றேன்யா,” என்றாள். “புதன்கிழமை காலேஜ் விழாவுல பாடணும். நீங்களும் வருவீகல்ல...”

“எடுத்துரும்மா,” என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. “ரெண்டு வரிதான? மத்ததே நல்லாத்தான இருக்கு.”

“சரிங்கய்யா.”

எவ்வளவு சீக்கிரம் வந்தது அந்த ‘சரிங்கய்யா’! முணுமுணுப்பு இல்லை, முகச்சுளிப்பு இல்லை. நான் அறிவியல் வாத்தியார். மூச்சு உள்ளே போனால் நெஞ்சு எழும்பும், வெளியே வந்தால் இறங்கும் என்று வருடாவருடம் பாடம் எடுக்கிறவன். என் மகளின் நெஞ்சு எழும்பியது. இறங்கவில்லை. எனக்கு முன்னால், கரையில், வெயிலில் உட்கார்ந்து அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். நல்ல பழக்கம் இருந்தது.

ராப்பைக் கொல்வது கம்பெனிக்காரர்கள் என்று எழுதியிருந்தேன். சினிமாக்காரர்கள் என்று எழுதியிருந்தேன். அவர்களுக்கெல்லாம் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே எத்தனை வீட்டில் இந்த வேலை முடிந்திருக்கும்? யாரும் மிரட்ட வேண்டாம். அன்பான ஒரு அப்பா, மெதுவான குரலில், ‘ரெண்டு வரிதான?’ என்று கேட்டால் போதும். நல்ல பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள்.

“இருக்கட்டும்,” என்றேன்.

“என்னது?”

“அந்த ரெண்டு வரி. எடுக்காத.”

“கோவமா அய்யா?”

“இல்ல... பயமா இருக்கு.”

“அது எப்பவும் உள்ளதுதான,” என்றாள். ராணிதான் முதலில் சிரித்தார்.

புதன்கிழமை மாலை நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவளுக்கு முன்னால் ஒரு குழு சினிமாப் பாட்டுக்கு ஆடியது. அரங்கமே அதிர்ந்தது. பிறகு இவள் தனியாக வந்து நின்றாள். பீட் வைக்கவில்லை. முதல் நாலு வரியிலேயே பின்வரிசைப் பேச்சு அடங்கியது. கடல் எங்கிருந்தோ அரங்குக்குள் வந்து எங்கள் எல்லோருக்கும் மேலே நின்றதுபோல ஓர் அமைதி. கடைசி இரண்டு வரி வந்தது. கைதட்டல் உடனே வரவில்லை. மாணவிகள் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு ‘ஓ...’ எழுந்தது. எத்தனையோ பேர் ஒரே நேரத்தில் மூச்சை விட்டதுபோல.

பக்கத்து நாற்காலியில் என் வயதுக்காரர் ஒருவர், அவரும் ஏதோ ஒரு பெண்ணின் அப்பாதான், என் பக்கம் சாய்ந்தார்.

“பாவம் சார். இந்தப் புள்ளைய எந்த வீட்டுல இப்படி வச்சிருக்கானோ!”

“எங்க வீட்டுலதான் சார்,” என்றேன்.