ஒரு அங்குலம் குறைந்த குச்சி

எங்கள் பயிற்சி கிளப்பின் இரண்டு இருக்கை விமானங்களில், பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, உள்ளே இருக்கும் கேஜ் முள்ளை நம்பமாட்டோம்; கோடு போட்ட மரக்குச்சிதான். விமானத்துக்கு ஒன்று. இறக்கைமேல் மூடியைத் திறந்து, டேங்கின் அடிதொடும் வரை விட்டு எடுத்தால், ஈரம் நிற்கும் கோடுதான் அளவு. நான் அங்கே மெக்கானிக்.

ஒரு சாயந்தரம் ஒரு குச்சியின் அடிநுனி பிளந்துவிட்டது. சிலாம்பு டேங்கில் விழுந்தால் வம்பு. பம்மலில் என் தெருமுனைத் தச்சுப் பட்டறையில் நுனியை வெட்டி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி எடுத்துவந்தேன். நல்ல வேலை செய்துவிட்டோம் என்று ஒரு நினைப்பு வேறு.

மறுநாள் காலை, கீழ்க்கட்டளையிலிருந்து வரும் பயிற்சி மாணவி ஸ்டெல்லாவுக்கு முதல் தனிப் பயணம். போய்வர ஒன்றே முக்கால் மணி நேரம். குச்சியை விட்டுப் பார்த்தேன். இரண்டு டேங்கும் சேர்த்து ஐம்பத்தைந்து லிட்டர். மணிக்கு இருபத்தைந்து குடிக்கும். போதும் என்றேன்.

"கேஜ் கம்மியா காட்டுதே அண்ணா?"

"அது எப்பவும் அப்படித்தாம்மா. குச்சி சொன்னா சொன்னதுதான்."

அவள் லாக் புத்தகத்தைப் புரட்டினாள். "நேத்து காலைல ஃபுல் டேங்க், தொண்ணூறு. ரெண்டு மணி நேரம் ஓடியிருக்கு. நாப்பதுதானே இருக்கணும்? மிச்சம் பதினஞ்சு குட்டி போட்டுச்சா?"

சிரிக்க வாயெடுத்தவன் அப்படியே நின்றேன். ஓடிப்போய் பக்கத்து விமானத்தின் குச்சியை எடுத்துவந்து ஒட்டிப் பிடித்தேன். நான் வெட்டியது ஒரு அங்குலம் குட்டை. கோடுகளெல்லாம் அந்த அளவுக்குக் கீழே இறங்கி, இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டியிருந்தன. அவள் கிளம்பியிருந்தால், திரும்பி வந்து ரன்வே கண்ணில் படும் நேரத்துக்கு என்ஜின் நின்றிருக்கும்.

சீஃப் இன்ஜினியர் வந்தார். "எவன்யா இதை வெட்டினது?"

"நான்தான் சார்."

"வாயால சொல்லாதே. லாக்ல எழுது. பேர் போட்டு எழுது" என்றார். எழுதினேன்.

டேங்கை நிரப்பிக்கொண்டு ஸ்டெல்லா பறந்தாள். அவள் இறங்கும்வரை நான் வெயிலில் நின்றேன்.

"இன்னாண்ணா, இன்னும் இங்கியே நிக்கிறீங்க?" என்றாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குச்சியும் லாக் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் உருளக்கூடாது. கேஜைச் சந்தேகப்படுவதற்கு முன், முந்தின நாள் உங்கள் கை என்ன செய்தது என்று யோசியுங்கள்.